கொச்சி யூத முதியவர்களுக்குத் திதி கொடுப்பது யார்?

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்குப் போயிருந்தீர்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து எம்பிராய்டரி போட்டுக்கொண்டிருந்த பாட்டி இறந்துவிட்டார், அவருக்குப் பிறகு இன்னொரு மூதாட்டியும் போய்விட்டார் என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். பிள்ளை இல்லாதவர் ஒருவர், பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பவர் ஒருவர். இவர்களுக்கெல்லாம் நம் ஊர்த் திதி மாதிரி ஒன்று உண்டா, உண்டென்றால் அதைச் செய்ய அங்கே யார் மிச்சம், அடுத்த தடவை அம்மாவோடு போகும்போது கல்லறையில் பூ வைக்கலாமா என்பது கேள்வி. சடங்கு என்ன என்பது அதில் பாதிதான். செய்ய ஆளில்லாமல் போனால் அந்த நினைவு என்ன ஆகும் என்பதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று படித்தேன்.

நான் யூதன் இல்லை. தமிழ்க் கல்வெட்டில் பயிற்சி பெற்றவன். கொச்சி யூதர்களின் செப்பேட்டைப் படிக்கப் போய், அங்கிருந்து எபிரேயம் கற்று, பத்துப் பன்னிரண்டு வருடம் கேரளத்து யூதக் கல்லறைக் கற்களைப் படித்து எழுதிவைப்பதிலேயே கழித்தேன். கல், எழுத்து, தேதி என்றால் என் பேச்சை நம்பலாம். சமயச் சட்டத்தில் நான் சொல்வது அங்கிருந்த பெரியவர்களிடம் கேட்டதும் படித்ததும்தான். அதில் ஒரு ரப்பி, அதாவது யூத மத குரு, என்னைத் திருத்தினால் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

திதி உண்டா என்றால், உண்டு. நம்முடையதுக்கு ஆச்சரியப்படும் அளவுக்குக் கிட்ட வரும் ஒன்று. இறந்தவரைக் கூடிய சீக்கிரம், முடிந்தால் மறுநாளைத் தாண்டாமல், மண்ணில் வைத்துவிட வேண்டும். உடலைச் சமூகத்து ஆட்களே குளிப்பாட்டுவார்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். பணக்காரரானாலும் ஏழையானாலும் ஒரே மாதிரி வெள்ளைத் துணி. அதில் பை கிடையாது. எடுத்துப்போக ஒன்றும் இல்லையே! பிறகு ஏழு நாள் துக்கம். வீட்டார் தாழ்வாக உட்கார்ந்திருப்பார்கள், வெளியே போகமாட்டார்கள். அடக்கம் முடிந்து வந்ததும் சாப்பிடும் முதல் சாப்பாடு சொந்த அடுப்பில் ஆனதாக இருக்கக்கூடாது, அக்கம்பக்கத்தார் கொண்டுவர வேண்டும். துக்க வீட்டில் அடுப்பு மூட்டாத வழக்கம் நமக்கும் உண்டல்லவா, அதேதான். ஏழுக்குப் பிறகு முப்பது நாள். தாய் தகப்பன் என்றால் பதினொரு மாதம் பிரார்த்தனை. அப்புறம் வருடா வருடம் இறந்த திதியில் ஒரு நாள் முழுக்க அணையாமல் விளக்கு.

பதினொரு மாதம் ஏன், பன்னிரண்டு ஏன் இல்லை என்று முதன்முதலில் கேட்டபோது எனக்குக் கிடைத்த பதிலை மறக்க முடியவில்லை. கெட்டவர்களுக்குத்தான் மறுமையில் பன்னிரண்டு மாதத் தீர்ப்பு என்று ஒரு மரபு. பிள்ளை பன்னிரண்டு மாதமும் பிரார்த்தனை சொன்னால் ‘என் அப்பா அப்படிப்பட்டவர்’ என்று ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால் ஒரு மாதம் முன்னாலேயே நிறுத்திக்கொள்கிறார்கள்.

அந்தப் பதினொரு மாதமும் வருடத் திதியிலும் சொல்வதற்குக் கதீஷ் என்று பெயர். அரமேய மொழியில் உள்ள சின்னப் பிரார்த்தனை, நிதானமாகச் சொன்னாலும் இரண்டு நிமிடம் ஆகாது. அதில் சாவு என்ற சொல் வராது, இறந்தவர் பெயர் வராது. முழுக்கக் கடவுளின் பெயரைப் புகழ்வதுதான். பெயர் சொல்லி வேண்டுவதற்கு ஹஷ்காவா என்று தனியாக ஒன்று இருக்கிறது. கொச்சியில் இருந்தது செபார்திய வழக்கு, அதாவது ஸ்பெயின் வழி யூதர்களின் வழக்கு, என்பதால் அதுதான் அங்கே. பிண்டம், எள், தண்ணீர் என்று இறந்தவருக்கு எதையும் கொடுப்பது கிடையாது. திதியோடு ஒப்பிடும்போது இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். செத்தவருக்கு உணவு தருவது அவர்கள் கணக்கில் தவறு. அவர் பெயரில் உயிரோடு இருப்பவருக்குத் தருமம் செய்வது சரி.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், கதீஷைத் தனியாளாகச் சொல்ல முடியாது. பழைய முறைப்படி வயது வந்த பத்து ஆண்கள் கூட வேண்டும். அந்தப் பத்துக்கு மின்யான் என்று பெயர். ஒன்பது ஞானிகள் இருந்தாலும் நடக்காது, பத்து சாதாரண ஆட்கள் இருந்தால் நடக்கும். ஒரு திதி கொடுக்க வீட்டில் ஒரு மகனும் ஒரு சாஸ்திரியும் போதும் நமக்கு. அவர்களுக்கு ஊர் வேண்டும். கொச்சி யூதர்களுக்குத் தனியாக ரப்பி என்று ஒருவர் எப்போதும் இருந்ததில்லை. பெரியவர்களே முன்நின்று நடத்துவார்கள். அது பிரச்சினையாகவே இல்லை. பத்து ஆள் இல்லாமல் போனதுதான் பிரச்சினை. கடந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலேயே மட்டாஞ்சேரிப் பள்ளியில் (யூதர்களின் வழிபாட்டுக்கூடத்தைப் பள்ளி என்பார்கள்) எண்ணிக்கை தேற எர்ணாகுளத்திலிருந்து ஆள் வரவேண்டும், அல்லது அன்றைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகளில் யூதர்கள் இருக்க வேண்டும் என்ற நிலை. சுற்றிப்பார்க்க வந்தவரை ‘நீங்கள் யூதரா?’ என்று கேட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர், தெரியாத ஒரு கிழவருக்காக, ‘ஆமென்’ சொல்லிவிட்டுப் படகேறிப் போவார்.

தேதிக் கணக்குக்கு வருகிறேன், இது என் பக்கம். யூதர்களின் மாதம் நிலவை வைத்து, வருடம் சூரியனை வைத்து. பத்தொன்பது வருடத்தில் ஏழு வருடத்துக்கு ஒரு மாதம் கூட்டிக்கொள்வார்கள். நம் பஞ்சாங்கத்தில் வரும் அதிக மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் ஆங்கிலத் தேதியில் திதி ஒவ்வொரு வருடமும் நகரும். நீங்கள் பார்க்க நினைத்த பாட்டி சாரா கோஹன் இறந்தது 2019 ஆகஸ்ட் 30, வெள்ளிக்கிழமை. எபிரேயத்தில் 5779ஆம் வருடம் ஆவ் மாதம் 29. அடுத்த வருடம் அதே ஆவ் 29 வந்தது ஆகஸ்ட் 19இல். 2021இல் ஆகஸ்ட் 7. 2022இல் கூடுதல் மாதம் வந்ததால் மறுபடி ஆகஸ்ட் 26க்கு ஏறிவிட்டது. இன்னொரு நுணுக்கம்: அவர்களுக்கு நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது. அன்று வெளிச்சம் இருக்கும்போது போனவருக்குத்தான் 29. அந்தி சாய்ந்த பிறகு என்றால் 30. ஆகவே ஆங்கிலத் தேதியை மட்டும் குறித்துவைத்தால் திதி ஒரு நாள் தவறலாம். இறப்புச் சான்றிதழில் நேரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது அதற்காகத்தான். கூட்டல் மாதம் வரும் வருடத்தில் அதார் என்ற மாதம் இரண்டு தடவை வரும். அதாரில் இறந்தவருக்கு முதல் அதாரிலா, இரண்டாவதிலா என்பதில் யூதர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. செபார்திகள் இரண்டாவதில் செய்வார்கள். இதில் யார் சரி என்று நான் வாயைத் திறக்க மாட்டேன்.

சாரா கோஹனுக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் 1999இலேயே போய்விட்டார். சாரா 96 வயதுவரை வாழ்ந்தார். தலையில் வைக்கும் கிப்பா, சபாத்து (வெள்ளி அந்தி முதல் சனி அந்தி வரை வரும் ஓய்வுநாள்) ரொட்டியை மூடும் துணி, மேசைவிரிப்பு என்று பூத்தையல் போட்டு வீட்டு முகப்பிலேயே கடை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை இறந்தால் அன்று மாலையே சபாத்து பிறந்துவிடும். சபாத்தில் அடக்கம் கிடையாது. கடைசி வருடங்களில் அவரைப் பார்த்துக்கொண்டது பக்கத்திலேயே வியாபாரம் செய்துகொண்டிருந்த ஒரு முஸ்லிம் குடும்பம். சின்னப் பையனாகத் தெருவில் பொருள் விற்க வந்து, அந்த வீட்டோடு ஒட்டிக்கொண்டவர் அந்தக் குடும்பத் தலைவர். பாட்டிக்குப் பிறகு கடையை அவரே நடத்துகிறார், பாட்டியின் சாமான்களை எடுத்துவைத்திருக்கிறார், வருகிறவர்களுக்குக் கதை சொல்கிறார். இதை நான் லேசாகச் சொல்லவில்லை. சட்டப்படி அவர் கதீஷ் சொல்ல முடியாது, மின்யானில் எண்ணப்படவும் மாட்டார். ஆனால் அந்தக் கிழவிக்கு எந்தக் கண்ணாடி பிடிக்கும், எந்த நூல் பிடிக்காது என்பது இன்று அந்தத் தெருவில் தெரிந்தது அவருக்குத்தான். இரண்டும் வேறு வேறு வேலை. ஒன்று இருக்கிறது என்பதால் மற்றொன்று இல்லாத குறை தீர்ந்துவிட்டது என்று உருகி எழுதுகிறார்களே, அதில் எனக்கு உடன்பாடில்லை.

செய்திகளில் வரும் ‘கொச்சியின் கடைசி யூதர்’ என்ற தலைப்பிலும் எனக்கு உடன்பாடில்லை, கொஞ்சம் கோபமும் உண்டு. 2019இல் ‘கடைசி’ என்றார்கள். 2024 ஆகஸ்ட் 11இல் குவீனி ஹலேகுவா 89 வயதில் இறந்தபோதும் ‘கடைசி’. இந்தக் கணக்கெல்லாம் மட்டாஞ்சேரியில் இருந்த பரதேசி யூதர்கள் என்ற ஒரு சின்னப் பிரிவுக்குத்தான் பொருந்தும். ஸ்பெயின், போர்ச்சுகல், பாக்தாத் பக்கங்களிலிருந்து பிற்காலத்தில் வந்தவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். ‘பரதேசி’ என்ற சொல்லுக்கு நமக்கு விளக்கம் வேண்டியதில்லை. அவர்களுக்கு வெகு காலம் முன்பே இருந்த மலபார் யூதர்கள்தான் பெரும்பான்மை. எட்டுப் பள்ளிகளில் ஏழு அவர்களுடையது. அவர்களில் சிலர் இன்னும் எர்ணாகுளம் பக்கம் இருக்கிறார்கள். ‘கடைசி’ என்று எழுதும்போது இவர்கள் எண்ணிக்கையிலேயே வராமல் போகிறார்கள். இறந்தவரும் ஒரு எண்ணாகச் சுருங்கிவிடுகிறார். குவீனி என்பவர் யார்? கொச்சிக்கு மின்சாரம் கொண்டுவந்த கோடர் குடும்பத்து மகள். பரதேசிப் பள்ளியின் 400ஆம் ஆண்டு விழா 1968இல் நடந்து, இந்திரா காந்தி வந்து, தபால்தலை வெளியானபோது சமூகத்தின் முன்வரிசையில் இருந்தவர் இவருடைய தந்தை எஸ். எஸ். கோடர். அந்தப் பள்ளியின் நிர்வாகத்தையே பிற்காலத்தில் கையில் வைத்திருந்தவர் குவீனி. பெண்கள் மின்யானில் எண்ணப்படாத ஒரு பள்ளியின் சாவி கடைசியில் ஒரு பெண்ணின் கைக்கு வந்ததைத் தலைப்பாகப் போட்டிருந்தால் நானும் ஒத்துக்கொண்டிருப்பேன்.

சரி, மற்றவர்களெல்லாம் எங்கே? கேரளத்தில் 1940களில் சுமார் 2,500 யூதர்கள் இருந்தார்கள். 1948க்குப் பிறகு, பெரும்பாலும் 1955க்குள், ஊர் ஊராகக் கிளம்பி இஸ்ரேல் போனார்கள். யாரும் துரத்தவில்லை, அதை அவர்களே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். நெகேவ் பாலைவனத்தில் நெவாத்தீம், எருசலேம் மலைப்பக்கம் மெசிலாத் சீயோன், தாஓஸ் போன்ற விவசாயக் குடியிருப்புகளில் போய் இறங்கினார்கள். இன்று அங்கே அவர்கள் சந்ததி பல ஆயிரம். உங்கள் கேள்விக்கு நேரான பதில் அங்கேதான் இருக்கிறது: பத்து ஆள் அங்கே கிடைக்கும். கேரளத்தில் மாளையிலோ பரவூரிலோ புதைக்கப்பட்ட ஒரு பாட்டனுக்கு அங்கே ஒரு பேரன் கதீஷ் சொல்லலாம். கல்லறைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. மகன்தான் சொல்ல வேண்டும் என்பதும் வழக்கம், கட்டாயமல்ல. பிள்ளை இல்லாதவருக்கு உறவினர், நண்பர், சமூகத்தில் யாராவது ஒருவர் ஏற்றுக்கொள்ளலாம். தேவையானவை இரண்டே: இறந்தவர் பெயரும் எபிரேயத் தேதியும். இந்த இரண்டும் தொலைந்துபோகும் இடத்தில்தான் என் தொழில் தொடங்கியது.

கல்லறைக் கல்லைப் படிப்பது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மழைக்காலம் முடிந்து போனால் கல் பாசி பிடித்துப் பச்சைப் போர்வை மாதிரி இருக்கும். இரும்புத் தூரிகை கூடாது, எழுத்து போய்விடும். தேங்காய் நார், தண்ணீர், பொறுமை. பிறகு தாளை நனைத்துக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துக் குழிக்குள் இறக்கி, மேலே மைப்பந்தை ஒற்றினால் எழுத்து வெள்ளையாக நிற்கும். இதுதான் மைப்படி. கல்லில் மை படுவதை அந்தச் சமூகத்துப் பெரியவர்கள் சிலர் விரும்பவில்லை என்பதால் பாதி இடங்களில் அதையும் விட்டுவிட்டேன். ஒரு முகக்கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, வெயிலைக் கல்லின் மேல் படுக்கவைத்தாற்போல விழவிட்டால் எழுத்தெல்லாம் நிழல் கட்டி எழுந்து நிற்கும். போட்டோ எடுத்துக்கொள்ளலாம், கல்லைத் தொடவே வேண்டாம்.

எபிரேயத்தில் எண்ணுக்குத் தனி வடிவம் கிடையாது, எழுத்தே எண். கடபயாதி தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. வருடத்தில் ஆயிரத்தை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் வெட்டுவார்கள். அந்த மிச்சத்தோடு 1240 கூட்டினால் நமக்குத் தெரிந்த வருடம் வரும். இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. அவர்கள் புத்தாண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறப்பதால், அதிலிருந்து டிசம்பர் முடியும் வரை இறந்தவருக்கு ஒன்றைக் கழிக்க வேண்டும். மட்டாஞ்சேரியில் ஒரு சந்துக்குள் நெஹெமியா மோத்தா என்ற ஞானியின் சமாதி இருக்கிறது. இறந்தது 376ஆம் வருடம் கிஸ்லேவ் மாதம் 25. 1240 கூட்டினால் 1616. ஆனால் கிஸ்லேவ் டிசம்பரை ஒட்டி வரும் மாதம், ஆகவே 1615தான் சரி. அவர் எங்கிருந்து வந்தார் என்பதில் யேமன் என்பாரும் உண்டு, இத்தாலி என்பாரும் உண்டு, எதுவும் தீரவில்லை. அவர் இயற்றிய எபிரேயப் பாடல்கள் கொச்சி வழிபாட்டில் இடம்பெற்றன என்பது உறுதி. அந்தச் சமாதியில் யூதர்கள் மட்டுமல்ல, இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். நானூறு வருடமாகத் திதி தவறாத ஒரே ஆள் அந்த ஊரில் அவர்தான் என்று வேடிக்கையாகச் சொல்வேன்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எபிரேயத்தில் ஹே என்ற எழுத்து 5, ஹேத் என்ற எழுத்து 8. இரண்டுக்கும் வித்தியாசம் இடதுபக்கக் காலின் தலையில் ஒரு நூலளவு இடைவெளி. ஒரு கல்லில் அந்த இடைவெளியில் பாசி உறைந்து காய்ந்திருந்தது. நான் 8 என்று எழுதிக்கொண்டேன். அந்தக் குடும்பத்து முதியவர் ஒருவர் என் நோட்டைப் பார்த்துவிட்டு, ‘எங்க பாட்டி செத்த பிறகும் மூணு வருஷம் உயிரோட இருந்தாங்களா?’ என்று மலையாளத்தில் கேட்டார். திரும்பப் போய் ஈர்க்குச்சியால் மெல்லச் சுரண்டிப் பார்த்தேன். 5தான். கல் மட்டும் இருந்திருந்தால் என் பிழை அப்படியே அச்சில் ஏறியிருக்கும். கேட்டுச் சிரிக்க ஒரு பேரன் இருந்ததால் பிழைத்தது.

கேரளத்தில் கிடைத்த மிகப் பழைய எபிரேயக் கல்லறைக் கல் சேந்தமங்கலம் பள்ளியின் முன் நிற்கிறது. 1269ஆம் ஆண்டு. சாரா, இஸ்ரவேலின் மகள். அவ்வளவுதான் நமக்குத் தெரியும். எழுநூற்றைம்பது வருடம் கழித்து இன்னொரு சாராவுக்கு அதே நாட்டில் கல் வைத்தார்கள் என்பது தற்செயல். யூதப் பெண்களில் சாரா நம் ஊர் லட்சுமி மாதிரி. சாலமோன் காலத்திலேயே வந்தோம், எருசலேம் ஆலயம் இடிந்த கி.பி. 70க்குப் பிறகு வந்தோம் என்று சொல்வதெல்லாம் செவிவழி மரபு, அதற்குக் கல் சாட்சி இல்லை. கி.பி. 1000 வாக்கில் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு உறுதியான சாட்சி. அதை வட்டெழுத்தில் படித்தால் பாதி தமிழாகவே இருக்கும். அஞ்சுவண்ணம் (ஒரு வணிகக் குழு) அவனுக்கும் அவன் சந்ததிக்கும் ‘உலகும் சந்திரனும் உள்ளநாள்’ வரை என்று போகும் அந்த வாசகம். நம் கோயில் சாசனங்களில் ‘சந்திராதித்தவற்’ என்று வருமே, அதன் கூடப்பிறந்தது.

கல் இருப்பவரைப் பற்றித்தான் இவ்வளவு பேச முடிகிறது. கல் மறுக்கப்பட்டவர்களும் உண்டு. இதைச் சொல்லாமல் கொச்சி யூதர்களின் நினைவைப் பற்றி எழுதுவது பாதிக் கதை. பரதேசி யூதர்கள் தங்களிடம் அடிமையாக இருந்து விடுதலையானவர்களின் வழிவந்தவர்களைப் பள்ளியில் பெஞ்சில் உட்கார விடவில்லை. தங்கள் இடுகாட்டில் புதைக்கவும் விடவில்லை. இடுகாட்டுச் சண்டை என்றால் என்ன என்று தமிழ்நாட்டுக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த வழியில் பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967) காந்தி வழியில் பள்ளிக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். ‘யூத காந்தி’ என்று அவரைச் சொல்வார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வழி விட்டார்கள். ஒரு முதியவர் இறந்த செய்தியைப் படிக்கும்போது அவர் எந்த மதிலுக்கு உள்ளே, எந்த மதிலுக்கு வெளியே புதைக்கப்பட்டார் என்று பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

கல்லில் இடம் கிடைக்காதவர்களுக்கு நோட்டுப் புத்தகத்தில் இடம் கிடைத்தது என்று சொல்லலாமா? ஓரளவுக்குச் சொல்லலாம். கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாட்டுக் கட்டிப் பாடுவார்கள். கல்யாணப் பாட்டு, பள்ளி கட்டிய பாட்டு, வேதாகமக் கதைப் பாட்டு. கையால் எழுதிய நோட்டுகள் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். இஸ்ரேலுக்குப் போனபோது பெட்டியில் அவையும் போயின. 1970களிலிருந்து ஆய்வாளர்கள் அவற்றைத் தேடிச் சேர்த்தார்கள். ஸ்கரியா சக்கரியாவும் ஒஃபிரா கம்லியேலும் 2005இல் பதிப்பித்த தொகுப்புக்குப் பெயரே ‘கார்குழலி’. சங்கப் பாட்டிலிருந்து எழுந்துவந்த பெண் மாதிரி இருக்கிறாளே என்று அந்தப் பெயரைப் பார்த்ததும் நினைத்தேன். வழக்கறிஞர் சேலம் பிறந்த அதே பிரிவில் பிறந்த ரூபி டேனியல் (1912–2002), இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றி, 1951இல் இஸ்ரேல் போய், தன் எண்பதுகளில் நினைவுகளைப் புத்தகமாக்கினார். மட்டாஞ்சேரித் தெருவில் எந்த வீட்டில் யார் இருந்தார், எந்தப் பண்டிகைக்கு எந்தப் பலகாரம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பத்து ஆண்கள் கூடிப் பெயர் சொல்லும் சடங்கில் எண்ணப்படாத பெண்கள்தான் ஊரின் பெயர்களைப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள்.

ஒரு மூதாட்டியிடம் அப்படி ஒரு நோட்டைப் பார்த்தேன். பழைய கணக்கு நோட்டு, தைத்த நூல் விட்டுப்போய் நைலான் கயிற்றால் கட்டியிருந்தார். பாட ஆரம்பித்து மூன்றாவது அடியில் நிறுத்தினார். எழுத்தின் மேல் விரலை வைத்து, ‘இங்கே அம்மா மூச்சு விடுவாங்க’ என்றார். பிறகு தானும் அங்கே மூச்சு விட்டுத்தான் மேலே பாடினார். என் ஒலிப்பதிவில் அந்த இடைவெளி இருக்கிறது. தட்டச்சு செய்த பிரதியில் அதை எப்படிக் காட்டுவது என்று இன்றுவரை பிடிபடவில்லை.

கட்டடங்கள் இருக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். சேந்தமங்கலம், பரவூர்ப் பள்ளிகளைப் பழுதுபார்த்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், நன்றாகவே இருக்கின்றன. மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் பள்ளியின் உள்மரவேலை 1990களில் எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போய் அங்கே மறுபடி நிறுத்தப்பட்டது. ஊரில் நின்ற வெறும் கூட்டில் ஒரு பகுதி 2019 செப்டம்பர் மழையில் இடிந்து விழுந்தது. சாரா கோஹன் போய் ஒரு மாதம் ஆகியிருக்காது. மாளைக்காரர்கள் 1955இல் கிளம்பும்போது பள்ளியையும் இடுகாட்டையும் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். இடுகாட்டு நிலத்தில் விளையாட்டு மைதானம் வந்ததைப் பற்றி அங்கே நீண்ட தகராறு. சென்னையிலும் இதன் சின்ன வடிவம் உண்டு. தங்கசாலைப் பக்கம் இருந்த யூதர்களின் கற்களைப் பெயர்த்து லாயிட்ஸ் ரோட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். கற்கள் வந்தன, அடியில் இருந்தவர்கள் வந்தார்களா என்று யாரும் என்னிடம் கேட்கவேண்டாம். அருங்காட்சியகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வருகிறவர்களுக்கானது. திதி போனவருக்கானது. ஒன்றின் கணக்கை மற்றொன்றில் எழுதுவதில்தான் எனக்கு ஒப்பவில்லை.

இனி நீங்கள் போகும் விஷயம். சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களிலும் பரதேசிப் பள்ளி மூடியிருக்கும், வெள்ளி மதியத்துக்கு மேலும் உள்ளே விடமாட்டார்கள். உள்ளே செருப்பு கழற்ற வேண்டும். மற்ற நாட்டு யூதர்கள் இதைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள், நமக்குச் சொல்லவே வேண்டாம். இடுகாடு தனியாக இருக்கிறது, பெரும்பாலும் பூட்டியிருக்கும். மதில் ஏறிப் போட்டோ எடுக்காதீர்கள், கேட்டுப் பாருங்கள், திறந்தால் போங்கள். அம்மா பூ வைக்க ஆசைப்பட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் அவர்கள் வழக்கம் பூ அல்ல. கீழே கிடக்கும் ஒரு சின்னக் கல்லை எடுத்துக் கல்லறை மேல் வைப்பார்கள், யாரோ வந்துபோனார்கள் என்பதற்கு. ஏன் கல் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள், எல்லாம் பிற்காலத்தில் சொன்னது. பிரார்த்தனை எதுவும் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. பெயரை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். ஆங்கிலத்திலும் எழுதியிருந்தால் நல்லது, எபிரேயம் மட்டும் இருந்தால் வலமிருந்து இடமாகப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். வெளியே வந்ததும் கை கழுவ வேண்டும், அவர்களுக்கும் அதுதான் முறை. வாசலில் குழாய் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், ஒரு பாட்டில் தண்ணீர் கையோடு இருக்கட்டும்.